இடப்பக்கம் நிற்கிற ஆள்

குதிரை வாங்கப் போகிறவன் முதலில் குதிரையைப் பார்க்கக் கூடாது, அதற்கு இடப்பக்கம் நிற்கிற ஆளைப் பார்க்க வேண்டும். இராஜாங்கம் இதைச் சொல்லாத வீடியோ கிடையாது. மயிலாடுதுறைக்குக் கிழக்கே சாலையோரம் தவிடும் புண்ணாக்கும் விற்கிற மனிதருக்கு அறுபதாயிரம் ரசிகர்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தார்கள். போனில் விளம்பரம் பார்த்துக் குதிரை வாங்கி ஏமாறத் தயாராக நாட்டில் அவ்வளவு பேர் இருக்கும்போது, ஏமாறாதே என்று சொல்கிறவருக்கும் கூட்டம் சேரத்தானே செய்யும்.

"மிலிட்டரியில இருக்கேன், மாத்தலாயிட்டு, அதான் பாதி வெலைக்குத் தர்றேன்னு ஒருத்தன் சொல்லுவான். அவன் மிலிட்டரியும் இல்ல, அவன்கிட்ட குதிரையும் இல்ல. லாரியில ஏத்தியாச்சு, வாடகைய மட்டும் அனுப்புங்கன்னு இன்னொருத்தன் சொல்லுவான். லாரியே கெடையாது. நேர்ல போங்க. போக முடியலன்னா வீடியோ கால் போடச் சொல்லுங்க. குதிரைய ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்லுங்க. எந்தப் பக்கத்தக் காட்டத் தயங்குறானோ அந்தப் பக்கந்தான் வெவகாரம். ஒடம்பொறந்தவனா நெனச்சுச் சொல்றேன்."

கடைசி வரி அவருடைய முத்திரை. பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பையன்கள்கூட "ஒடம்பொறந்தவனா நெனச்சுச் சொல்றேன்" என்று அவரைப் போலவே தலையை ஆட்டிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

வீடியோ எடுப்பது மகள் கவிப்ரியா. கல்லூரியில் இரண்டாம் வருஷம். தாய் போய் ஏழு வருஷமாகிறது, அப்பாவும் மகளுமாக வாழ்கிற வீடு. போனைத் தவிட்டு மூட்டைமேல் சாய்த்துவைத்து, வெளிச்சம் பார்த்து, "ம், சொல்லுப்பா" என்பாள். முடிந்ததும் "சூப்பர்ப்பா" என்பாள். நாலு பேருக்கு நல்லது செய்கிற அப்பா என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்காகத்தான் இராஜாங்கம் உயிரை வைத்துக்கொண்டிருந்தார். அது போய்விடுமோ என்கிற ஒரே பயத்தில்தான் அவர் செத்துக்கொண்டும் இருந்தார்.

ஆறு மாதமாக ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஒரு கேள்வி வந்தது. படமில்லாத கணக்கு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, உங்களுக்கு இடப்பக்கம் யார் நிற்கிறது?"

முதல் தடவை கவிப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அப்பாவுக்கு இடப்பக்கம் கடையை ஒட்டிய பழைய கொட்டகையின் சுவர், அதில் ஒரு முளைக்குச்சி, வேறொன்றுமில்லை. நாலாவது தடவை அவள் சிரிக்கவில்லை. "நீயும் பேசும்போது அந்தப் பக்கமே திரும்பித் திரும்பிப் பாக்குறப்பா. என்ன இருக்கு அங்க?" என்று கேட்டாள்.

"காத்து வருதும்மா" என்றார்.

காற்றுதான். ஆனால் சூடான காற்று. பேச ஆரம்பித்தால் இடது தோளில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கும். விடியற்காலையில், ஆள் எழுந்திருக்காத நேரத்தில், கொட்டகையில் குளம்பு தரையைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் புண்ணாக்கு மூட்டைகள். அந்தக் கொட்டகையில் கடைசியாகக் குதிரை நின்று மூன்று வருஷமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். சத்தத்துக்குத் தெரியவில்லை.

அந்தக் குதிரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இராஜாங்கம் அப்போது குதிரை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். மேற்கே ஒரு சந்தைக்குப் போய், செந்நிறத்தில் நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு குதிரையைப் பிடித்துவந்தார். நம் ஆட்கள் குதிரை வாங்கினால் முதலில் பார்ப்பது சுழி. மயிர் வட்டமாகச் சுழன்று நிற்கிற இடங்களை எண்ணி, இது வீட்டுக்கு லட்சுமி, இது குடும்பத்துக்கு ஆகாது என்று பிரிப்பார்கள். பாடைச்சுழி இருந்தால் வாங்கியவன் பாடை ஏறுவான் என்பார்கள். இராஜாங்கமும் குனிந்து நிமிர்ந்து சுழி பார்த்தார். எல்லாம் ராஜசுழி. இடப்பக்கம் தலையோடு ஒட்டி நின்ற விற்கிறவனை அவர் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், வைக்கோலோடு இடப்பக்கமாகப் போனவரைக் கண்டு குதிரை துள்ளி உதைத்தபோதுதான் அதன் இடது கண்ணைப் பார்த்தார். நீலம் பூத்துக் கிடந்தது. செத்த கண்.

விற்றவன் விற்றுவிட்டுப் போய்விட்டான். ஏமாந்தவன் என்ன செய்ய வேண்டும்? தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் இருந்துவிட்டு, கண் போன குதிரை என்று சொல்லி வருகிற விலைக்குத் தள்ளியிருக்க வேண்டும். இராஜாங்கத்துக்கு மனசு வரவில்லை. என்னை ஒருத்தன் ஏமாற்றினான், நான் ஒருத்தனை ஏமாற்றினால் நேராகிவிட்டது என்று ஒரு நியாயம் பேசிக்கொண்டார். வேறொரு சிம் வாங்கினார். செல்வம் என்று பெயர் போட்டு, வலப்பக்கம் மட்டும் தெரிகிற நாலு படங்களை ஏற்றினார். கவிப்ரியா அப்போது விடுதியில் தங்கிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

பாபநாசம் பக்கத்திலிருந்து பக்கிரி என்று ஒருவர் வந்தார். வீட்டைக் காட்டாமல், தூரத்து ஊர் ஒன்றின் தோப்பில் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார் இராஜாங்கம். கல்யாணங்களுக்குச் சாரட்டு வண்டி ஓட்டுகிறவர். ரொம்ப உஷாரான ஆள் என்று அவரே சொல்லிக்கொண்டார். துணைக்குச் சுழி பார்க்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். வீட்டில் காட்ட வேண்டும் என்று போனில் வீடியோ எடுத்தபடியே குதிரையைச் சுற்றிவந்தார். இடப்பக்கம் வந்தபோது இராஜாங்கம் குதிரையின் தலையோடு ஒட்டி நின்று, நெற்றியில் கையை வைத்தார். "இந்தாங்க, இந்தச் சுழியப் பாருங்க. இது லட்சத்துல ஒண்ணுக்குத்தான் விழும்." ஒரு விரல் சுழியைக் காட்டியது, மற்ற விரல்கள் கண்ணை மூடியிருந்தன. பெரியவர் சுழியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கிரி சுழியைப் படமெடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு வாங்க வந்தவன் பருக்கையை எண்ணிக்கொண்டிருந்தால் தாராளமாக மறைக்கலாம்.

"கண்ணு காலு எல்லாம் சுத்தமா இருக்குல்ல அண்ணே?" என்று பக்கிரி ஒரு வார்த்தை கேட்கத்தான் கேட்டார்.

"ஒடம்பொறந்தவனா நெனச்சுச் சொல்றேன். ஒரு கொறையும் கெடையாது" என்றார் இராஜாங்கம்.

குதிரையை வாங்கிய இருபத்தெட்டாம் நாள். ஆடி மாதம், வாய்க்காலெல்லாம் கரை தளும்பப் புதுத்தண்ணீர். ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுப் பட்டப்பகலில் பக்கிரி வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். இடது பக்க வயலிலிருந்து டிராக்டர் ஒன்று கரையேறியது. கண் தெரிகிற குதிரையாக இருந்தால் தூரத்திலேயே பார்த்து ஒதுங்கியிருக்கும். இதற்குச் சத்தம் காதோரம் வந்தபிறகுதான் தெரிந்தது. துள்ளிய துள்ளலில் வண்டியும் குதிரையும் பக்கிரியுமாக வாய்க்காலுக்குள் போனார்கள். குதிரையை மீட்டார்கள். வண்டிக்கு அடியில் இருந்த பக்கிரியை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

வாட்ஸப்பில் சுற்றிவந்த விபத்துப் படத்தை இராஜாங்கம் கடையில் உட்கார்ந்து பார்த்தார். வாய்க்காலில் ஒரு சக்கரம், கரையில் நெற்றியில் வெள்ளை விழுந்த குதிரை. சிம்மை உடைத்துக் காவேரியில் எறிந்தார். குதிரை வியாபாரத்தை விட்டார். செத்த வீட்டில் துஷ்டி கேட்கவும் போகவில்லை. போயிருந்தால் யார் என்று சொல்லிக்கொண்டு போயிருப்பார்?

ஒரு வருஷம் கழித்துத்தான் வீடியோ போட ஆரம்பித்தார். அதற்குப் புண்ணியம் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் சொல்கிற ஒவ்வொரு எச்சரிக்கையும் அவர் செய்த காரியம்தான் என்பது யாருக்குத் தெரியும். ஊருக்கு உபதேசம் செய்யச் செய்ய நெஞ்சில் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தார். மாறாகக் குதிரை திரும்பி வந்தது.

போனில் வந்தது. விற்பனைக்கு என்று சுல்தான் என்ற பெயரில் ஒரு தடவை, கர்ணன் என்ற பெயரில் இன்னொரு தடவை. ஊர் வேறு, எண் வேறு, குதிரை அதே குதிரை. எல்லாப் படத்திலும் வலப்பக்கம்தான். எல்லாப் படத்திலும் கழுத்துக்கு அந்தப்புறம் யாரோ ஒருவனுடைய இரண்டு கால்கள். விளம்பரம் போலி என்று இராஜாங்கம் புகார் கொடுப்பார், அது மறையும். மாதம் கழித்து வேறு பெயரில் முளைக்கும். உரக்கச் சொல்லிவிட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை. "இந்தக் குதிரைக்கு இடது கண் கிடையாது, வாங்காதீர்கள்" என்று ஒரு வரி. ஆனால் எப்படித் தெரியும் என்று கவிப்ரியா கேட்பாளே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, இன்னும் எத்தனை பேர் அந்தக் குதிரையின் முதுகில் ஏறுகிறார்களோ என்று அவர் படுத்துக் கிடந்தார். கோழைத்தனம் என்றால் இதுதான், வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கு கழிந்த மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும், நீலப்புடவை, கையில் ஒரு துணிப்பை.

"வீடியோ போடுற இராஜாங்கம் அண்ணன் நீங்கதானே?"

கவிப்ரியாவுக்குச் சந்தோஷம். ரசிகர்கள் தேடிவருவது புதிதில்லை. நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஒரு குதிரை பாத்து வெச்சிருக்கேன். விக்கிறவங்க ஒழுங்கான ஆளான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று போனை நீட்டினாள்.

செந்நிறம். நெற்றியில் வெள்ளை. பெயர் கர்ணன்.

"வேணாம்மா" என்றார் இராஜாங்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஏண்ணே?"

"எடது கண்ணு தெரியாத குதிரை."

"படத்துல வலப்பக்கந்தானே இருக்கு. எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"அதாம்மா, ஒரு பக்கமே காட்டுறானே. அத வெச்சுத்தான்."

"காலு நொண்டியா இருக்கலாம். புண்ணு இருக்கலாம். கண்ணுன்னு எப்படிச் சொன்னீங்க?"

பக்கத்தில் நின்ற கவிப்ரியா பெருமையோடு, "அப்பாவுக்கு அனுபவங்க" என்றாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு துணிப்பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தாள். பழைய போன், கண்ணாடி கீறியிருந்தது. "இது எங்க வீட்டுக்காரரோடது. எம் பேரு ராஜாத்தி. அவரு பேரு பக்கிரி. அன்னைக்கு இத வீட்டுல வெச்சுட்டுப் போயிருந்தாரு. இதுல ஒரு வீடியோ இருக்கு, பாருங்க."

குதிரையைச் சுற்றி நடக்கிற வீடியோ. வலப்பக்கம், வால், பிறகு இடப்பக்கம். தலையோடு ஒட்டி நிற்கிற ஆளின் முகம் படத்துக்குள் விழவில்லை. நெற்றிமேல் ஒரு கை மட்டும், மணிக்கட்டில் செம்புக் காப்பு. கண்ணு காலு சுத்தமா இருக்குல்ல என்று கேட்டது செத்துப்போன மனிதரின் குரல். பதில் சொல்லிய குரலை அறுபதாயிரம் பேருக்குத் தெரியும்.

ஒடம்பொறந்தவனா நெனச்சுச் சொல்றேன்.

கவிப்ரியா போனைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். செம்புக் காப்பு அங்கேயே இருந்தது. மூன்று வருஷமாக எந்தக் கேள்விக்கு அஞ்சினாரோ அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குத் தேவையே இருக்கவில்லை.

"தை மாசம் எங்க அக்கா மவன் உங்க வீடியோவப் போட்டுட்டு இருந்தான்" என்றாள் ராஜாத்தி. "நான் அடுப்படியில இருந்தேன். கொரலக் கேட்டதும் கையில இருந்த கரண்டி விழுந்துட்டு. அன்னையிலேருந்து ஒவ்வொரு வீடியோவுலயும் கேட்டேன், இடப்பக்கம் யார் நிக்கிறதுன்னு. ஒரு தடவையாவது பதில் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"மன்னிச்சிடும்மா" என்றார் இராஜாங்கம். சொன்னபிறகு அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அவருக்கே தெரிந்தது.

"மன்னிக்கிறதுக்கு வரல." அவள் குரல் உயரவில்லை. "போலீசுக்குப் போகவும் எனக்குத் தெம்பில்ல. அவரு போனதும் பங்காளிங்க வித்துட்ட அந்தக் குதிரையத் தேடிப் போயி நானே வாங்கிட்டேன். நீடாமங்கலம் பக்கம் ஒருத்தன்கிட்ட இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே நேர்ல போனேன், ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொன்னேன், கண்ணுக்கு முன்னால கைய ஆட்டிப் பாத்தேன். அவன் திணறிட்டான். நான் ஏமாறலண்ணே. எல்லாம் தெரிஞ்சே வாங்கினேன்."

சாலையில் நின்ற மினி லாரியை அவர் அப்போதுதான் கவனித்தார்.

"விட்டா வேற எவனாவது வாங்கிச் சாவான். வெச்சுக்கலாம்னா பாக்குறப்பல்லாம் அவரு நெனப்பு வருது. கொல்லவும் மனசு வரல. அது என்ன பண்ணுச்சு, பாவம். கண்ணு இல்லன்னு சொல்ல அதுக்கு வாய் இல்ல, வாய் இருந்தவருதான் சொல்லல." அவள் எழுந்துகொண்டாள். "உங்க குதிரை, நீங்களே வெச்சுக்குங்க. விக்கக் கூடாது. விக்க முடியாத மாதிரி ஊருக்கே சொல்லிடுங்க. அத நான் இருக்கும்போதே சொல்லணும்."

பலகை வைத்துக் குதிரையை இறக்கினார்கள். மெலிந்து விலா தெரிந்தது, முழங்காலில் பழைய தழும்பு. கொட்டகை வாசலுக்கு வந்ததும் தயங்கி நின்று, மண்ணை முகர்ந்தது. பிறகு யாரும் இழுக்காமல், பழைய முளைக்குச்சி இருந்த இடத்துக்குத் தானே போய் நின்று, முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. விடியற்காலைகளில் கேட்ட அதே சத்தம். இராஜாங்கத்தின் கை மகளைப் பிடித்துக்கொள்ள நீண்டது. அவள் ஓரடி நகர்ந்துகொண்டாள்.

நகர்ந்தவள் போனை எடுத்தாள். வெளிச்சம் பார்க்கவில்லை, மூட்டைமேல் சாய்க்கவும் இல்லை, கையிலேயே பிடித்தாள். "சொல்லுங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் அப்பாவிடம் அப்படி மரியாதையாகப் பேசியதில்லை. அதற்குச் செருப்பால் அடித்திருந்தால் அவருக்குத் தேவலை.

அவர் குதிரையின் இடப்பக்கம் போய் நின்றார். பழக்கதோஷம், கை நெற்றிக்குப் போயிற்று. விரல்கள் கண்ணை மூடியதை உணர்ந்ததும் நெருப்பில் பட்டதுபோல் எடுத்தார். நீலம் பூத்த கண் வெளிச்சத்தில் திறந்திருந்தது. ராஜாத்தி முந்தானையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"ஆறு மாசமா ஒருத்தங்க ஒரு கேள்வி கேக்குறாங்க" என்று ஆரம்பித்தார். "இடப்பக்கம் நிக்கிறது யாருன்னு. நான்தான். இந்தக் குதிரைக்கு எடது கண்ணு தெரியாது. தெரிஞ்சே வித்தேன். வாங்கின பக்கிரிங்கிறவர் செத்துட்டாரு." முத்திரை வரி நாக்கின் நுனிவரை வந்தது. அதை அவர் விழுங்கினார்.

கவிப்ரியா போனை இறக்கினாள். சூப்பர்ப்பா என்று சொல்லவில்லை. ராஜாத்தி அந்த வீடியோ ஏறுகிறவரை உட்கார்ந்திருந்து, தன் போனில் ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது குதிரையின் வலப்பக்கமாக வந்து, அதன் கழுத்தில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்று முழுக்க வசவும் காறித் துப்பலுமாக வந்து குவிந்ததை இராஜாங்கம் ஒன்று விடாமல் படித்தார். எண்களைப் பெயராகக் கொண்ட கணக்கிலிருந்து எதுவும் வரவில்லை. வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே சாப்பாட்டை வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள்.

விடியற்காலையில் குளம்புச் சத்தம் கேட்டது. இன்று உண்மையிலேயே குதிரை இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து எழுந்து போனார். கொட்டகையில் கவிப்ரியா நின்றிருந்தாள். குதிரைக்கு இடப்பக்கம், உதைக்கிற தூரத்தில், ஒரு கையில் வைக்கோலோடு.

கத்தினால் குதிரை மிரளும். கிட்டத்தில் போகவும் பயம். குரலை இறக்கி, "அந்தப் பக்கம் நிக்காதம்மா. நீ நிக்கிறது அதுக்குத் தெரியாது" என்றார்.

கவிப்ரியா திரும்பவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது அமைதியாக வைக்கோலைக் கடித்தது.

"தெரியும்" என்றாள். "நான் சொல்லிட்டுத்தான் நிக்கிறேன்."